பெட்டியைத் திறந்து காட்டியவர்

வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்ததற்காக 2010-ல் கைதானார் ஹைதராபாத் என்ஜினீயர் ஹரி பிரசாத். இன்று நம் ஓட்டுக்கு ஒரு காகிதச் சீட்டு விழுகிறது என்றால், அதற்குப் பின்னால் அவர் கழித்த அந்த ஒரு வாரச் சிறையும் இருக்கிறது.

2024 ஏப்ரல் 19. காலை பத்து மணிக்கே கரிசல் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. பாஞ்சாலங்குறிச்சியில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த ஒரு பாட்டி வேப்பமர நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியே வயதான விரல்கள். அதில் ஒன்றில் மை இன்னும் காயவில்லை.

"பொத்தான அமுக்கினேன். செவப்பு லைட்டு எரிஞ்சுது. பக்கத்துப் பெட்டியில சீட்டு வரும், நல்லாப் பாருன்னு பேரன் சொல்லிவிட்டான். சுருக்குப் பையிலருந்து கண்ணாடிய எடுத்து மாட்டுறதுக்குள்ள சீட்டு உள்ள விழுந்து பீப்புன்னு கத்திட்டு. நா யாருக்குப் போட்டேன்னு எனக்குத் தெரியும். அந்தப் பெட்டிக்குத் தெரியுமாய்யா?"

"அதெல்லாம் தெரியும் பாட்டி, வா போவோம்" என்கிறான் பேரன். பாட்டி எழுந்திருக்கவில்லை. கேள்வி இன்னும் அவர் மடியிலேயே கிடக்கிறது.

விவிபேட் எனப்படும் அந்தப் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிச் சன்னலில் சீட்டு தெரிவது 7 விநாடி. தேசத்தின் பெரிய கோர்ட்டிலும், டெல்லியின் தேர்தல் ஆணையத்திலும், அமெரிக்க, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிலும் பதினைந்து ஆண்டுகளாக அலசப்படும் கேள்வியைத்தான் பாட்டி மூன்றே சொல்லில் கேட்டுவிட்டார். அதே கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்காமல், திருப்புளியை எடுத்துப் பெட்டியைத் திறந்தவர் ஒருவர் உண்டு.

அதிகாலைக் கதவு

2010 ஆகஸ்ட் 21. ஹைதராபாத்தில் வெமுரு ஹரி கிருஷ்ண பிரசாத்தின் வீட்டுக் கதவு அதிகாலையில் தட்டப்பட்டது. வந்திருந்தது மும்பை போலீஸ். அவரை வண்டியில் ஏற்றி மும்பைக்குக் கிளம்பினார்கள். கிட்டத்தட்ட 14 மணி நேரப் பயணம். வழியில், தன்னோடு ஆய்வு செய்த அமெரிக்கப் பேராசிரியரிடம் போனில் பேச அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. மேலிடத்து நெருக்கடியால்தான் கைது என்று போலீஸார் சொன்னதையும், இயந்திரத்தைக் கொடுத்தவர் யார் என்று சொன்னால் விட்டுவிடுவோம் என்றதையும் அந்தப் பேச்சில் தெரிவித்தார். பெயரைச் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

பதிவான வழக்கு கம்ப்யூட்டர் குற்றமல்ல, திருட்டு. மும்பையில் அரசுக் காவலில் இருந்த ஒரு வாக்குப்பதிவு இயந்திரம் காணாமல் போயிருக்கிறது, அதுதான் உங்கள் கையில் இருந்தது என்றார்கள். அந்த இயந்திரத்தை அவர் டி.வி.யில் ஊரறியக் காட்டியிருந்தார். அதில் தெரிந்த வரிசை எண்ணை வைத்தே அது மும்பைப் பெட்டி என்று கண்டுபிடித்தார்கள். திருடியவன் திருட்டுப் பொருளை டி.வி.யில் காட்டுவானா என்ற எளிய கேள்வி அன்று போலீஸுக்கு எழாமல் போனது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 28-ல் ஜாமீன் கிடைத்தது. இவருக்குக் கெட்ட நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை, இயந்திரத்தில் தில்லுமுல்லு செய்ய முடியும் என்று காட்டவே முயன்றிருக்கிறார் என்ற பொருளில் மாஜிஸ்திரேட் குறிப்பிட்டார்.

428-ம் 493-ம்

ஹைதராபாத்காரரின் கதை கோவில்பட்டிப் பக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இரண்டு எண்கள்.

2016 சட்டமன்றத் தேர்தலில் கோவில்பட்டியில் கடம்பூர் ராஜு வென்றது 428 ஓட்டு வித்தியாசத்தில். பக்கத்துத் தொகுதியான ஒட்டப்பிடாரத்தில், அதாவது பாஞ்சாலங்குறிச்சி அடங்கிய தொகுதியில், சுந்தரராஜ் டாக்டர் கிருஷ்ணசாமியை வென்றது 493 ஓட்டில். இன்னும் கொஞ்சம் தெற்கே ராதாபுரத்தில் இன்பதுரைக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருந்தது வெறும் 49.

ஒரு பெரிய தெருவின் ஓட்டு இடம் மாறினால் எம்.எல்.ஏ. மாறுகிற மண் இது. ஒட்டப்பிடாரத்தில் தோற்றவர் போட்ட தேர்தல் வழக்கு நிலுவையில் இருந்ததால், எம்.எல்.ஏ. தகுதிநீக்கமான பிறகும் இடைத்தேர்தல் தள்ளிப்போய், வழக்கு வாபஸான பின்பே 2019 மே 19-ல் நடந்தது. ராதாபுரத்தில் தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். 2019 அக்டோபரில் எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அதற்குள் அடுத்த தேர்தலே வந்துவிட்டது.

ராதாபுரத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சண்டையின் மையம் தபால் ஓட்டு. அதில் சான்றொப்பமிட்ட தலைமையாசிரியருக்கு அந்த அதிகாரம் உண்டா, இல்லையா என்பது. காகிதம் கையில் இருந்ததால் எடுத்து வைத்து வாதாட முடிந்தது, மறுபடி எண்ணவும் முடிந்தது. அதே 2016-ல் இயந்திரத்தில் விழுந்த ஓட்டை மறுபடி எண்ணச் சொன்னால், பொத்தானை இன்னொரு முறை அமுக்கி அதே எண்ணை இன்னொரு முறை பார்க்கலாம். அவ்வளவுதான்.

சுஜாதாவின் பெட்டி

இந்தப் பெட்டிக்கும் தமிழ் வாசகருக்கும் பழைய உறவு உண்டு. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இதன் வடிவமைப்பை மேற்பார்த்தவர்களில் முக்கியமானவர் எஸ். ரங்கராஜன். நமக்கு அவர் சுஜாதா.

முதல் பரீட்சை 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில் நடந்தது. சிவன் பிள்ளை 123 ஓட்டில் வென்றார். தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட, இயந்திரத்தைப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் சொன்னது உச்ச நீதிமன்றம். அந்த 50 சாவடிகளிலும் காகிதச் சீட்டில் மறுபடி ஓட்டு. இப்போது ஜோஸ் வென்றார். அதன் பிறகே சட்டம் திருத்தப்பட்டது.

தமிழ்நாட்டில் இந்தப் பெட்டிக்கு வலுவான வாதம் ஒன்றை நம் விவசாயிகளே தந்தார்கள். 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள். ஓட்டுச்சீட்டு புத்தகமாகவே அச்சானது. 2001-ல் மாநிலம் முழுக்க இயந்திரம் வந்தது. எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போன அ.தி.மு.க.தான் அந்தத் தேர்தலில் வென்றது. வென்ற பிறகு சந்தேகம் ஓய்வதும், தோற்ற பிறகு முளைப்பதும் அன்று முதல் இன்று வரை எல்லாக் கட்சிகளுக்கும் பொது. 2009-ல் தோற்ற பா.ஜ.க. முகாமிலிருந்து இயந்திரத்துக்கு எதிராக ஒரு முழுப் புத்தகமே வந்தது. அதற்கு முன்னுரை அத்வானி. இன்று எந்தக் கட்சி எங்கே நிற்கிறது என்பதை வாசகர் அறிவார்.

வாக்குச்சாவடியைப் பிடித்து மொத்தமாகக் குத்தித் தள்ளிய காலத்தைப் பெட்டி முடித்துவைத்தது உண்மை. செல்லாத ஓட்டை ஒழித்ததும் உண்மை. எண்ணுவது ஒரு நாளில் முடிகிறது. இந்த நன்மைகளைச் சொல்லாமல் ஹரி பிரசாத்தைப் பற்றி மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் எழுதியதாகும்.

தராசைத் திருப்பிப் பார்ப்பது

பருத்தி மூட்டையோடு கமிஷன் கடைக்குப் போகிற சம்சாரி, தராசில் முள் நேராக நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. தட்டைத் திருப்பி, அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்றும் பார்ப்பார். எடைக்கல்லில் அரசு முத்திரை இருந்தாலும் பார்ப்பார். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். பார்ப்பது சம்சாரியின் உரிமை. அதற்காக அவரைத் திருடன் என்று யாரும் சொன்னதில்லை.

ஹேக்கர் என்ற சொல்லை நம் செய்தித்தாள்கள் வங்கிக் கணக்கைச் சுரண்டுபவனுக்கே கொடுத்துவிட்டன. அந்த உலகத்துக்குள்ளே அதன் மூலப் பொருள் வேறு. பொருள் எப்படி இயங்குகிறது என்று கழற்றிப் பார்க்காமல் தூங்க முடியாத ஆள் ஹேக்கர். கிணற்று மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டுச் சாப்பாட்டை மறக்கும் மெக்கானிக்கின் சாதி. அந்தக் குணத்தோடு, இது ஊருக்குத் தெரிய வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்தால் அரசியல் பிறந்துவிடுகிறது.

ஹைதராபாத்தில் நெட் இந்தியா என்ற தொழில்நுட்ப நிறுவனத்தை நடத்திவந்த ஹரி பிரசாத், 2009 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு இதில் இறங்கினார். தேர்தல் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று கேட்ட 'வேட்டா' என்ற குடிமக்கள் அமைப்புக்குத் தொழில்நுட்ப ஆலோசகர் ஆனார். அந்தச் செப்டம்பரில் தேர்தல் ஆணையத்திலேயே செய்முறை காட்டப் போனது அவர் குழு. இயந்திரத்தைத் திறந்து ஆராய்வது தயாரிப்பு நிறுவனத்தின் உரிமையை மீறும் என்று பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்பது அவர்கள் தரப்பு. வாய்ப்புக் கொடுத்தோம், செய்து காட்ட முடியவில்லை என்பது ஆணையத்தின் தரப்பு.

2010 பிப்ரவரியில், பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் அசல் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ஹேக்கர் ராப் கோங்க்ரைப் இருவரும் ஹைதராபாத் வந்தார்கள். கண்டுபிடிப்பு ஏப்ரல் மாதம் தெலுங்கு டி.வி.யில் வந்தது. அக்டோபரில் சிகாகோவில் நடந்த உலகத்தரக் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் எட்டுப் பேர் பெயரில் ஆய்வுக் கட்டுரையாக ஏறியது.

காட்டியது இரண்டு வழி. ஒன்று, முடிவைக் காட்டும் எண் பலகையை மாற்றுவது. பார்க்க அசல் போலவே இருக்கும் பலகை. அடியில் ஒளித்த சின்னச் சில்லும் புளூடூத்தும். வெளியே நிற்பவர் போனில் ஒரு வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தால், எண்ணும்போது பலகை அவருக்குச் சாதகமாகப் பொய் சொல்லும். இரண்டாவது, சட்டைப் பையில் அடங்கும் ஒரு கிளிப். ஓட்டு முடிந்து எண்ணுவதற்குள், உள்ளே ஓட்டைச் சேமித்து வைத்திருக்கும் நினைவகச் சில்லில் அதை மாட்டினால் கணக்கையே மாற்றி எழுதிவிடலாம்.

இரண்டுக்கும் பெட்டியைக் கையால் தொட்டாக வேண்டும். எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு செய்கிற வேலையல்ல. எந்தத் தேர்தலிலாவது இப்படி நடந்தது என்றும் அந்தக் கட்டுரை சொல்லவில்லை. நடக்க முடியும் என்றுதான் சொன்னது. வாட்ஸ்அப்பில் இந்தக் கோடு அழிந்துபோகிறது. 2019 ஜனவரியில் லண்டனில் நடந்த கூட்டத்தில், முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் 2014 தேர்தலே ஹேக் செய்யப்பட்டது என்றார். ஒரு சான்றும் காட்டவில்லை. தான் வேலை பார்த்ததாக அவர் சொன்ன நிறுவனமும் அவரை மறுத்தது. முகத்தையும் பெயரையும் செய்முறையையும் வெளியே வைத்த ஹரி பிரசாத்தை அந்த ஆளோடு ஒரே வரியில் சேர்ப்பது அநியாயம்.

பெட்டிச் செய்தி: மிஷினுக்குள் என்ன இருக்கிறது?

ஓட்டுப் போடுகிறவர் அமுக்குவது பேலட் யூனிட். ஒன்றில் 16 பெயர் வரை. அதிகாரியின் மேசையில் இருப்பது கன்ட்ரோல் யூனிட். ஓட்டு தங்குவது இதில். இரண்டுக்கும் நடுவில் விவிபேட். மின்சாரம் தேவையில்லை, பேட்டரியில் ஓடும். இன்டர்நெட் இணைப்பு கிடையாது. தயாரிப்பது பெங்களூரு பி.இ.எல்., ஹைதராபாத் இ.சி.ஐ.எல். என்ற இரண்டு அரசு நிறுவனங்கள். வாக்குப்பதிவுக்கு முன் பூத் ஏஜென்ட்டுகள் முன்னால் குறைந்தது 50 மாதிரி ஓட்டுப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். முடிந்ததும் மொத்த ஓட்டு எண்ணிக்கையை 17-சி படிவத்தில் எழுதி ஏஜென்ட்டுக்கு நகல் தர வேண்டும். ஏஜென்ட் செய்யக்கூடிய பெரிய காவல் அந்த நகலைப் பத்திரமாக வைத்திருப்பதுதான்.

வாஷிங்டனில் பாட்டுப் பாடியது

அதே 2010. ஹரி பிரசாத் ஜாமீனில் வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் தேர்தல் வாரியம், இன்டர்நெட் வழியாக ஓட்டுப் போடும் ஏற்பாடு ஒன்றைத் தயாரித்து, முடிந்தால் உடைத்துப் பாருங்கள் என்று பொதுமக்களை அழைத்தது. ஹால்டர்மன் தன் மாணவர்களோடு உள்ளே புகுந்தார். ஓட்டுகளை மாற்றினார்கள். ஓட்டுப் போட்டு முடிக்கும் பக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பாட்டு ஒலிக்கும்படி செய்துவிட்டு வந்தார்கள். வாரியம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. கைவிலங்கு யாருக்கும் விழவில்லை.

ஆய்வில் ஒன்றாக உட்கார்ந்த இருவரில் ஒருவரை அவர் நாட்டு அதிகாரிகள் அழைத்துக் குறை கேட்டார்கள். இன்னொருவரை நம் நாடு அதிகாலையில் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனது. அந்த டிசம்பரில் மாநாட்டுக்கு வந்த ஹால்டர்மனையும் டெல்லி விமான நிலையத்தில் தடுத்துவைத்து, திருப்பி அனுப்பப் பார்த்து, பிறகே உள்ளே விட்டார்கள். அதற்கு முந்தைய மாதம் சான் பிரான்சிஸ்கோவில் இ.எஃப்.எஃப். என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு ஹரி பிரசாத்துக்குத் தன் 'முன்னோடி' விருதை அளித்தது.

மூன்றாமவரான ராப் கோங்க்ரைப் வாழ்க்கையே ஒரு தனிக் கட்டுரைக்குத் தாங்கும். நெதர்லாந்தில் ஹேக்கர்களுக்காகப் பத்திரிகை நடத்தியவர். சாதாரண மக்களுக்கு இன்டர்நெட் தந்த ஆரம்பகால நிறுவனம் ஒன்றின் நிறுவனர்களில் ஒருவர். 2006-ல் தன் நாட்டு வாக்கு இயந்திரங்களை எதிர்த்து இயக்கம் தொடங்கினார். எங்கள் பெட்டிக்கு ஓட்டு வாங்க மட்டுமே தெரியும், அது செஸ் ஆடுவதைக் காட்டுங்கள் பார்ப்போம் என்ற பொருளில் தயாரிப்பாளர் தரப்பு சவால்விட, அவர் குழு ஒரு பெட்டியை வாங்கிச் செஸ் ஆட வைத்தது. இரண்டே ஆண்டுகளில் அந்த நாடு காகிதச் சீட்டுக்கும் பென்சிலுக்கும் திரும்பியது.

ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009 மார்ச்சில் ஒரு படி மேலே போனது. மோசடி நடந்ததாக அது சொல்லவில்லை. தனித் தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகன், தன் ஓட்டு சரியாகப் பதிந்து எண்ணப்பட்டதா என்று சரிபார்க்க முடிய வேண்டும். முடியாத இயந்திரம் செல்லாது என்றது. நம் வேப்பமரத்தடிப் பாட்டி கேட்டதற்கு உலகில் ஒரு நீதிமன்றம் கொடுத்த நேரடிப் பதில் அதுதான்.

சீட்டு வந்த வழி

2010 அக்டோபரில் ஆணையம் கூட்டிய அனைத்துக் கட்சிக் கூட்டத்தில், காகிதத் தடம் வேண்டும் என்ற கோரிக்கை முன்னுக்கு வந்தது. 2013 ஆகஸ்ட்டில் விதி திருத்தப்பட்டது. செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் தொகுதி இடைத்தேர்தலில் விவிபேட் முதன்முதலாக வைக்கப்பட்டது. சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில் அக்டோபர் 8-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நியாயமான தேர்தலுக்குக் காகிதத் தடம் தவிர்க்க முடியாதது என்று சொன்ன அமர்வின் தலைவர், ஈரோடு மாவட்டத்துக்காரரான நீதிபதி ப. சதாசிவம். 2019 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க எல்லாச் சாவடியிலும் சீட்டு விழுந்தது.

ஹரி பிரசாத் ஒருவரால்தான் இது வந்தது என்று சொல்ல மாட்டேன். வழக்குப் போட்டவர்கள் வேறு, கட்சிகளின் நெருக்கடி வேறு, ஆணையத்திலேயே இதை விரும்பியவர்களும் இருந்தார்கள். ஆனால் இந்தப் பெட்டியில் தவறே நடக்க முடியாது என்ற பேச்சை, முடியும் என்று கண்ணெதிரே காட்டி மாற்றிய முதல் ஆள் அவர். ஒரு மதில் இடியும்போது முதல் செங்கல்லை உருவியவரை ஊர் மறக்கக் கூடாது.

சீட்டு வந்துவிட்டது. எண்ணுகிறார்களா? சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சாவடி என்றிருந்ததை 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஐந்தாக உயர்த்தியது. ஒட்டப்பிடாரம் போன்ற ஒரு தொகுதியில் சாவடிகள் நூற்றுக்கணக்கில். குலுக்கலில் ஐந்துக்கு அதிர்ஷ்டம். மற்ற சாவடிகளின் சீட்டெல்லாம் எண்ணாமலே கட்டி வைக்கப்படும். எல்லாவற்றையும் எண்ணச் சொன்ன கோரிக்கையை 2024 ஏப்ரல் 26-ல் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. அதோடு ஒரு வாசலைத் திறந்தும் வைத்தது: இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்டால், தொகுதியின் இயந்திரங்களில் 5 சதவீதம் வரை உள்ளிருக்கும் சில்லைச் சோதிக்கலாம்.

அந்த வாசலை முதலில் தட்டியவர்களில் ஒருவர் நம் கரிசல்காட்டுத் தொகுதியில் நின்றவர். விருதுநகரில் மாணிக்கம் தாகூரிடம் 4,379 ஓட்டில் தோற்ற தே.மு.தி.க. வேட்பாளர் விஜய பிரபாகரன், 14 சாவடிகளின் இயந்திரங்களைச் சோதிக்க மனுக் கொடுத்தார். அப்போது கட்டணம் ஒரு தொகுப்புக்கு 40,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. பெரிய கட்சி வேட்பாளர் கட்டிவிடுவார். சொந்த ஊரில் நூறு பேரைத் திரட்டிச் சுயேச்சையாக நின்று, எப்படியோ மூன்றாம் இடம் வந்துவிட்ட ஒருவரால் கட்ட முடியுமா? சரிபார்க்கும் உரிமைக்கு விலைச்சீட்டு ஒட்டியிருப்பது எனக்கு ஒப்பவில்லை. சோதனையின்போது இயந்திரத்தில் உள்ள தரவை அழிக்கக் கூடாது என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

ஆணையத்தின் பதிலையும் வைத்துப் பார்ப்போம். நெட்வொர்க்கில் இணையாத பெட்டி. எந்த இயந்திரம் எந்தச் சாவடிக்கு என்பது இரண்டு முறை குலுக்கலில் முடிவாகிறது. ஸ்ட்ராங் ரூமுக்குச் சீலும் காவலும் உண்டு, கட்சிக்காரர்களும் வாசலில் படுத்துக் கிடக்கலாம். ஆய்வாளர்களுக்குக் கிடைத்ததுபோல ஒரு அறையில் நாள்கணக்கில் பெட்டி யாருக்கும் நிஜத் தேர்தலில் கிடைக்காது. 2017 ஜூனில், வந்து செய்து காட்டுங்கள் என்று அழைத்தபோது பதிவு செய்துகொண்ட இரண்டு கட்சிகளும் சவாலில் இறங்கவில்லை. இவை லேசாகத் தள்ளக்கூடிய வாதங்கள் அல்ல. அந்தச் சவாலில் இயந்திரத்தின் உள்ளே கைவைக்க அனுமதி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பூட்டைத் தொடாமல் பூட்டு பலவீனமானது என்று நிரூபிக்கச் சொன்னால் எந்தக் கொல்லனும் தோற்பான்.

பெட்டிச் செய்தி: தமிழ்த் தடங்கள்

கணினியை அரசியல் ஆயுதமாக்கிய ஆரம்பகாலச் சம்பவங்களில் ஒன்றாக உலக நூல்கள் குறிப்பது 1998-ல் நடந்தது. 'இன்டர்நெட் கரும்புலிகள்' என்ற பெயரில், இலங்கைத் தூதரகங்களுக்கு நாளுக்கு 800 மின்னஞ்சல் வீதம் இரண்டு வாரம் குவித்து அஞ்சல் பெட்டிகளை மூழ்கடித்தார்கள்.

2012-ல் '3' படத்தின் திருட்டுப் பதிப்பைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவைக் காட்டி, இன்டர்நெட் நிறுவனங்கள் முழு இணையதளங்களையே முடக்கின. அனானிமஸ் குழுவினர் சில தளங்களைத் தாக்கினார்கள். ஜூன் 9-ல் முகமூடி அணிந்தவர்கள் பல இந்திய நகரங்களில் தெருவுக்கு வந்தார்கள். குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே முடக்க வேண்டும் என்று அதே மாதம் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

எதிர்த் திசையிலும் ஒரு கதை உண்டு. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடிகளுக்காக உழைத்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, 2020 அக்டோபரில் கைதாகி 2021 ஜூலை 5-ல் காவலிலேயே இறந்தார். அவர் கணினிக்குள் வெளியாள் ஊடுருவி ஆவணங்களை வைத்திருக்கிறார் என்று 2022 டிசம்பரில் அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் ஒன்று அறிக்கை தந்தது.

கட்சிக் கரை

ஹரி பிரசாத்தின் பிற்கால வாழ்க்கை அந்த ஒரு வாரத்தைப் போல வெள்ளையாக இல்லை. 2009-ல் ஆந்திராவில் தோற்ற தெலுங்கு தேசம் அவருக்குத் துணை நின்றது. 2014-ல் அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்ததும் அரசின் தொழில்நுட்ப ஆலோசகர்கள் வட்டத்தில் அவர் இருந்தார். 2019 ஏப்ரலில் இயந்திரங்களைப் பற்றிப் புகார் சொல்ல ஆணையத்துக்குப் போன சந்திரபாபு நாயுடு, அவரையும் அழைத்துப்போனார். திருட்டு வழக்கு உள்ளவரோடு பேச மாட்டோம், வேறு நிபுணரை அனுப்புங்கள் என்று ஆணையம் எழுதியது. ஒன்பது ஆண்டு கழித்தும் அந்தப் பழைய வழக்கு வாசலில் நின்று அவரை மறித்தது. 2021-ல் ஆந்திர ஆட்சி மாறியிருந்த நேரத்தில், ஃபைபர்நெட் திட்டத்தில் முறைகேடு என்று அந்த மாநில சி.ஐ.டி. போட்ட வழக்கில் அவர் பெயரும் சேர்ந்தது.

கட்சியின் கரையில் ஒதுங்கிய ஆய்வாளரின் சொல்லை எதிர்க்கட்சி நம்பாது. அவர் சொன்னது நிஜமாகவே இருந்தாலும் நம்பாது. இது அவருக்கு மட்டும் நேர்ந்த இழப்பல்ல. நம் நாட்டில் தனியாக நின்று ஓர் அரசுப் பெட்டியைச் சோதிக்கும் என்ஜினீயருக்குச் சட்டத்தின் குடை இல்லை. போலீஸ் வரும்போது தொலைபேசியில் பேச ஒரு அரசியல்வாதியாவது தேவைப்படுகிறார். குடை கிடைக்கும் இடத்தில் ஒதுங்குகிறவரை மட்டும் குறை சொல்வது எளிது. குறை கண்டு சொல்பவரைக் காக்கும் சட்டம் ஒன்று இருந்திருந்தால் அவர் எந்தத் திண்ணையிலும் ஒதுங்கியிருக்கத் தேவையில்லை. கோவில்பட்டிப் பக்கத்து என்ஜினீயரிங் கல்லூரிகளில் சைபர் பாதுகாப்பு படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு, ஒரு குறையைக் கண்டால் எங்கே போய்ச் சொல்வது, சொன்னால் என்ன ஆகும் என்று யார் பதில் சொல்வது?

கணக்கு கேட்ட மண்

பாஞ்சாலங்குறிச்சிக்கு வருகிறவர்கள் 1974-ல் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையைப் பார்த்து, ஜக்கம்மா கோயிலில் கும்பிட்டு, சினிமாவில் கேட்ட வசனத்தைச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வரலாற்றில் கட்டபொம்மனுக்கும் கலெக்டர் ஜாக்சனுக்கும் மூண்ட சண்டையின் முடிச்சு கிஸ்திக் கணக்குதான். எவ்வளவு கட்டியாயிற்று, எவ்வளவு பாக்கி? 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் நடந்த அந்தப் பேச்சு அடிதடியில் முடிந்தது. பிறகு கம்பெனி அரசே விசாரணைக் குழு போட்டது. குழு ஜாக்சன் மேல் பிழை கண்டது. அவர் பதவி போனது. அந்நியக் கம்பெனி ஆட்சியில்கூட ஒரு முறை கணக்கு திறக்கப்பட்டு, பெரிய இடத்துக்காரர் மேல் தவறு என்று எழுதப்பட்டது. அடுத்த வருஷமே கயத்தாற்றில் தூக்குமரம் நின்றது என்பது அதற்கடுத்த கொடுமை.

சாயங்காலம் ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்து, பெட்டிகளுக்குச் சீல் வைத்து, வண்டியில் ஏற்றினார்கள். காற்றாலைகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பாட்டி வீட்டு வாசலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். வண்டி தெருமுனையைத் தாண்டும்வரை முறத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அடுத்த ஓட்டுக்குக் கண்ணாடிய மாட்டிக்கிட்டேதான் உள்ள போவேன்" என்றார்.